அம்மாவின் குரல் ஏன் கிணற்றுக்குள் இருந்து கேட்கிறது?

கேள்வி: யூன் 18, மாலை

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வயது 78. அவருக்குத் தெரிந்த தாலாட்டுகளையும் அரிவு வெட்டுப் பாடல்களையும் பதிந்து வைப்பதற்காகச் சென்ற மாதம் ஒரு யூ.எஸ்.பி. மைக் வாங்கினேன். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, சீமெந்துத் தரை. மைக்கை மேசையில் வைத்து, அம்மாவைக் கட்டிலில் இருத்திப் பதிந்தால், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கிறது. பாடல்களின் மறுபாதி ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சூமில் கதைக்கும்போது அவை தாமாக வந்துவிடுகின்றன. ஆனால் மாமாவின் குரல் பதிவில் விழுவதில்லை. எப்படியாவது விழச் செய்தால் அவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது. ஒலியை வழிப்படுத்தும் மென்பொருள் ஒன்றை வாங்கினால் இரண்டும் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: யூன் 18, இரவு

ஒன்றையும் வாங்க வேண்டாம். கட்டிலில் இருப்பவரின் வாய்க்கும் மைக்குக்கும் இடையே எத்தனை அடி என்று முதலில் அளந்து எழுதுங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கையைத் தட்டி, தட்டிய ஓசைக்குப் பின்னால் 'ணங்' என்று ஏதாவது இழுபடுகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

யூன் 20

நான்கு அடி என்கிறீர்கள். உங்கள் கிணறு அந்த நான்கு அடிதான்.

வாயிலிருந்து நேராக வரும் ஒலி தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலியோ அறைக்குள் எங்கே வைத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும். ஆகவே நான்கடியில் இருக்கும் மைக் அம்மாவை விட அறையையே கூடுதலாகக் கேட்கிறது. நான்கடியை அரையடியாக்கினால் தூரம் மூன்று முறை பாதியாகிறது. அறையின் முழக்கத்தோடு ஒப்பிட்டால் அம்மாவின் குரல் முன்பு நின்ற இடத்தை விட 18 டெசிபெல் மேலே வந்துவிடும். எந்த மென்பொருளும் இந்த 18 டெசிபெல்லை உங்களுக்குப் பிறகு சம்பாதித்துத் தராது. மைக்கைக் கிட்டக் கொண்டு வந்தபின் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைக்க மறக்க வேண்டாம்: அம்மா மிக உரத்துப் பாடும் இடத்தில் அளவுமானியின் உச்சி மறை 12க்கும் மறை 6க்கும் (-12, -6 டெசிபெல்) இடையில் நின்றால் போதும். பூச்சியத்தைத் தொட்டு உடைந்த குரலை ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது, மைக்கின் முகம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். 2020 ஊரடங்கில் நான் ப்ளூ யெற்றி என்ற பழைய யூ.எஸ்.பி. மைக் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். கோவில் ஒலிபெருக்கிக்குப் பேசும் மைக்கையே சிறு வயது முதல் பார்த்துப் பழகியவன் ஆகையால், அதன் தலையை வாய்க்கு நேரே சரித்து வைத்து மூன்று கிழமை பேசினேன். அந்த மைக் தலையால் கேட்பதில்லை, பக்கவாட்டால் கேட்பது. அதற்குள் ஒலியை வாங்கும் மூன்று கூடுகள் இருக்கின்றன. பின்னால் உள்ள ஒரு திருகி அவற்றை நான்கு விதமாகச் சேர்த்துத் தரும். எனது திருகி நாலாபுறமும் கேட்கும் நிலையில் கிடந்தது. அந்த மூன்று கிழமைப் பதிவுகளில் என் குரலை விட அடுப்படியில் தேங்காய் துருவும் ஓசை தெளிவாக இருக்கிறது. மனைவி இன்னமும் அதைத் தன்னுடைய முதல் இசைத்தொகுப்பு என்று சொல்வார்.

உங்களுக்கு வேண்டியது இதய வடிவ நிலை, அதாவது கார்டியொயிட். அது முன்னால் வருவதை நன்றாகக் கேட்கும். நேர் பின்னால் வருவதை அநேகமாகக் கேட்காது. ஆகவே மைக்கின் முகத்தை அம்மாவுக்குத் திருப்பி, அதன் முதுகை மின்விசிறிக்கோ யன்னலுக்கோ காட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துவது இன்னும் நல்லது, ஆனால் இந்த வெயிலில் 78 வயதுக்காரரிடம் நான் அதைக் கேட்க மாட்டேன்.

யூன் 21

ஒரு திருத்தம். அரையடி என்றேன், அம்மாவின் 'ப'வும் 'பா'வும் மைக்கில் குண்டு போல விழுவதாக எழுதியிருக்கிறீர்கள். தூரத்தைக் கூட்ட வேண்டாம், மைக்கைப் பக்கவாட்டில் சற்று நகர்த்துங்கள். வாய்க்கு நேரே இல்லாமல் கன்னத்தின் பக்கம் நகர்த்தி வாயை நோக்கிச் சாய்த்து வைத்தால் மூச்சு கடந்து போகும், குரல் மட்டும் விழும். குரல் முன்பை விடத் தடித்துக் கேட்பதும் இயல்புதான். இந்த வகை மைக்குகள் கிட்டப் போகப்போகக் கீழ்ச்சுருதியைப் பெருக்கிக் காட்டும். அது அளவுக்கு மிஞ்சினால் முக்காலடிக்குப் போங்கள்.

யூன் 23

அறையைப் பற்றி. முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டலாமா என்று ஒருவர் கேட்கிறார். வேண்டாம். நான் ஒரு சுவர் முழுவதும் ஒட்டினேன். ஓசை குறையவில்லை, பல்லிகள் கூடின. மெல்லிய கடதாசி மட்டையால் ஒலியை விழுங்க முடியாது, தடிப்பும் பாரமும் உள்ள துணியாலும் பஞ்சாலும்தான் முடியும்.

எங்கள் வீட்டில் கடைசியில் கை கொடுத்தது என் அம்மாவின் பழைய அலுமாரி. அதன் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து, சேலைகளைக் கொடியில் நெருக்கமாகத் தொங்கவிட்டு, பாடுபவரை அதற்கு முதுகு காட்டி ஒரு கதிரையில் இருந்து பாடச் செய்தேன். பாடுபவருக்கு நேர் எதிரே, மைக்குக்குப் பின்னால், பருத்திப் பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்தேன். தரையில் பாயின் மேல் இரண்டு போர்வை. கையைத் தட்டினால் 'ணங்' இல்லை, 'தட்' என்று நின்றுவிடும். செலவு ஒன்றும் இல்லை. கற்பூர உருண்டை மணத்தைத் தாங்கிக்கொண்டால் போதும்.

இணையத்தில் மூலைகளில் வைக்கும் தடித்த பஞ்சுத் தூண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். உங்கள் பன்னிரண்டடி அறையின் மிகக் கீழான ஒத்ததிர்வு ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸ். அம்மாவின் குரல் அதற்கு எவ்வளவோ மேலே இருக்கிறது. மிருதங்கமோ தவிலோ பதிபவர் அதைப் பற்றிக் கவலைப்படட்டும். உங்கள் பிரச்சினை எதிரெதிரே நிற்கும் இரண்டு வெறும் சுவர்களுக்கிடையே பந்து போலத் துள்ளும் நடுத்தர ஒலிதான். அதற்கு ஒரு சுவரை மூடினாலே பாதி வேலை முடியும்.

யூன் 24

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் இடையே இரண்டு வளவுகள். 2015 தையில் காங்கேசன்துறை வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியபோது படலையில் நின்று கை காட்டியவன் நான். இப்போது ரயில் வராத நேரம் பார்த்துப் பதிவதற்காக நேர அட்டவணையை மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

யூலை 2

இனி மாமாவின் குரல்.

எங்கள் தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கும் நாட்களில் எனது வேலை தண்ணீர் மாறுவது. ஐயா இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வார். நான் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்த பாத்தியின் வாயைத் திறந்துவிட வேண்டும். ஒலி வழிப்படுத்தும் மென்பொருள் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது செய்வது இதைத்தான். எந்த ஒலி எந்த வாய்க்காலால் எந்தப் பாத்திக்குப் போக வேண்டும் என்று நீங்கள் திறந்தும் அடைத்தும் விடுகிறீர்கள். கணினிக்குள் கம்பி இல்லாமையால், கம்பி இருப்பது போலப் பாவனை செய்யும் ஒரு பொய்ச் சாதனத்தை அது உண்டாக்கிக் கொடுக்கிறது.

விண்டோஸுக்கு வொய்ஸ்மீற்றர் பனானா என்பதை நான் பாவித்தேன். பிரான்சிலுள்ள வின்சென்ற் பியூரெல் எழுதியது. தரவிறக்கிப் பாவித்துவிட்டு விரும்பினால் காசு கொடுக்கலாம். இடப்பக்கம் உண்மையான மைக்குகளுக்கு மூன்று நிரல்கள். அவற்றுக்கு அடுத்துக் கணினியின் உள்ளிருந்து வரும் ஒலிக்கு இரண்டு நிரல்கள். ஒவ்வொரு நிரலிலும் ஏ1, ஏ2, ஏ3, பி1, பி2 என ஐந்து பொத்தான்கள். ஏ என்பவை உங்கள் காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் போகும் வாய்க்கால்கள். பி என்பவை வேறொரு மென்பொருளுக்கு மைக் போலத் தோன்றும் வாய்க்கால்கள்.

அம்மாவின் மைக் நிரலில் பி1ஐ அழுத்துங்கள். சூமில் மைக் என்ற இடத்தில் பி1ஐத் தெரிவுசெய்யுங்கள். ஒலிபெருக்கி என்ற இடத்தில் பனானாவின் முதலாவது உள்நிரலைக் கொடுங்கள். அந்த உள்நிரலில், அதாவது மாமாவின் குரல் வரும் நிரலில், உங்கள் ஹெட்போனுக்குப் போகும் ஏ1 மாத்திரம் எரிய வேண்டும். பிறகு இரண்டு நிரல்களிலும் பி2ஐ அழுத்தி, ஓடாசிற்றி என்ற பதிவு மென்பொருளில் பி2ஐப் பதிவு மூலமாகக் கொடுத்தால் இருவர் குரலும் பதிவில் விழும்.

மாமாவுக்குத் தன் குரல் திரும்பக் கேட்பதன் காரணம் இப்போது தெரிந்திருக்கும். அவருடைய நிரலில் பி1 திறந்திருந்தால், அவர் அனுப்பிய தண்ணீர் அவர் வளவுக்கே திரும்பப் பாயும். ஒருவருக்கு அவருடைய குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அனுப்புவதே வானொலிக்காரர் தொலைபேசி நேர்காணல்களில் தொன்றுதொட்டுக் கடைப்பிடிக்கும் விதி. நான் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்தியபடியே விட்டுவிட்டு பாரிஸில் இருக்கும் மச்சானோடு கதைக்கத் தொடங்கினேன். அரை மணித்தியாலமாக அவர் ஒவ்வொரு சொல்லையும் சொல்லிவிட்டு நின்று நின்று கதைத்தார். அவருக்கு உடம்புக்கு ஏதோ செய்கிறது என்று நாங்கள் பயந்து போனோம்.

யூலை 3

விட்டுப்போனவை இரண்டு. ஒலிபெருக்கியில் மாமாவை விட்டால் மேலே எழுதிய எதுவும் பலிக்காது. அவர் குரல் காற்றின் வழியாக அம்மாவின் மைக்குக்குள் போய்விடும். ஹெட்போன் கட்டாயம்.

அதுவும் புளூடூத் வேண்டாம். ஒலி பத்தில் ஒரு பங்கு செக்கனுக்கு மேல் பிந்தி வரும், பாடுபவருக்கு நாக்கு தடுமாறும். அதன் மைக்கும் சேர்ந்து இயங்கினால் தரம் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். பல யூ.எஸ்.பி. மைக்குகளின் உடம்பிலேயே ஹெட்போன் துளை ஒன்று இருக்கும். அதில் செருகினால் பாடுபவரின் குரல் கணினிக்குப் போய்த் திரும்பாமல் அங்கேயே கேட்கும்.

காதை மூடினால் சுருதி பிடிபடாது என்று அம்மா ஹெட்போனைக் கழற்றிவிடுகிறார் என்கிறீர்கள். சரியாகத்தான் சொல்கிறார். ஒரு காதை மூடி மற்றக் காதைத் திறந்து விடுங்கள்; மூடாத பக்கத்துச் செவிப்பகுதியைத் தோளில் தொங்க விடாமல் தலையோடு ஒட்டியிருக்கச் செய்யுங்கள், இல்லையென்றால் அதிலிருந்தும் கசியும்.

யூலை 9

யூலை 2இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிழை இல்லை, ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. இவ்வளவு வாய்க்கால் வெட்டிய பிறகு சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

பி2இல் இருவர் குரலும் ஒன்றாய்க் கலந்து விழுகின்றன. அம்மா ஓர் அடியைப் பாடும்போது மாமா இருமினால், அந்த இருமலைப் பிறகு பிரிக்க வழியில்லை. சூமின் பதிவு அமைப்பிலோ பங்குபற்றும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிக்கோப்பைச் சேமி என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் சரி போட்டு, கணினியிலேயே பதிந்தால் அம்மா ஒரு கோப்பு, மாமா ஒரு கோப்பு. மாதக்கணக்காகப் பனானாவோடு மல்லுக்கட்டிய எனக்கு இதைக் காட்டித் தந்தது பதினான்கு வயது மருமகள்.

இன்னும் திறமான வழி ஒன்று உண்டு. சூம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடாசிற்றி உங்கள் மைக்கை நேரடியாகப் பதியட்டும். விண்டோஸில் இரண்டு மென்பொருள்களும் ஒரு மைக்கைப் பகிர்ந்துகொள்ளும். மாமா ரொறன்ரோவில் ஹெட்போனோடு இருந்து, தன் கைப்பேசியை வாய்க்கு ஓரடிக்குள் வைத்து அதிலேயே தன்னைப் பதிந்து, பிறகு கோப்பை அனுப்பட்டும். அப்படிச் செய்தால் இணையம் இடையில் விக்கினாலும் பதிவு விக்காது. பொருத்துவது எப்படி என்றால், சூம் தந்த தனித்தனிக் கோப்புகள் இரண்டும் ஒரே நேரக்கோட்டில் இருக்கும். அவற்றை அடியில் வைத்து, நல்ல பதிவு ஒவ்வொன்றையும் அதனதன் சூம் நிழலுக்கு நேராக நகர்த்தி, ஒத்துப் போனதும் நிழல்களை அழித்துவிடுங்கள்.

இருவரும் ஒரே தாளத்தில் சேர்ந்து பாட மட்டும் முயல வேண்டாம். இணையத் தாமதம் அதற்கு இடம் தராது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடரும் தாலாட்டுக்கு அந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல.

யூலை 10

முதல் அடி ஒத்துப் போகிறது, ஒரு மணித்தியாலத்தின் முடிவில் மாமா பிந்துகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசிக்கும் மைக்குக்கும் தனித்தனிப் படிகக் கடிகாரங்கள். பத்து இலட்சத்துக்கு ஐம்பது என்ற அளவில் ஒன்று பிசகினாலே ஒரு மணித்தியாலத்தில் 0.18 செக்கன் விலகிவிடும். நீளமான பதிவைப் பாடல் பாடலாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்துங்கள். தாலாட்டு ஒன்றின் நீளத்துக்குள் காது கண்டுபிடிக்கும் அளவுக்கு விலகாது.

யூலை 29

மைக் 44.1 கிலோஹேர்ட்ஸில், அதாவது ஒலியைச் செக்கனுக்கு 44,100 தடவை அளந்து பதிய, இடையில் நிற்கும் மென்பொருள் அதை 48 என்று எண்ணிக்கொண்டால் என்ன நடக்கும் என்று கேட்டவருக்கு. சாதாரணமாக விண்டோஸ் தானே மாற்றிக் கொடுத்துவிடும். அது மாற்றாத ஒரு நாளில் பக்கத்து வீட்டுப் பையனின் பண்ணிசையைப் பதிந்தேன். ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவன் ஐந்தரைக்கும் ஆறுக்கும் இடையில், எந்தக் கட்டையிலும் இல்லாமல் நின்றான். தேவாரமும் நூற்றுக்கு ஒன்பது பங்கு விரைவாக ஓடியது. போட்டிக்கு அனுப்பும் முன் அவனுடைய ஆசிரியர்தான் பிடித்தார். மைக், விண்டோஸ், பதிவு மென்பொருள் மூன்றிலும் 48 என்று ஒரே எண்ணை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அதே நாளில் சூமின் இரைச்சல் நீக்கி சுருதிப் பெட்டியை முழுவதுமாக விழுங்கிவிட்டது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவானாலும் அதற்கு மின்விசிறிதான். இசைக் கலைஞர்களுக்கான மூல ஒலி என்ற அமைப்பை இயக்கினால் அது கை வைக்காது.

ஓகஸ்ட் 26

நல்லூர்த் திருவிழா. 25 நாளும் பதிவு இல்லை. கோவிலுக்குப் போங்கள்.

செப்ரெம்பர் 21

பதிவின் அடியில் 'ம்ம்' என்று ஓர் ஓசை ஓடுவதாகச் சொன்னீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி, பற்றரியில் மாத்திரம் ஓட விட்டுக் கேளுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்; அதன் மடங்குகளான 100உம் 150உம் மட்டமான சார்ஜர் வழியாக மைக்குக்குள் ஏறிவிடும். எனக்கு பிளக்கைப் பிடுங்கிய கணத்தில், யாரோ பக்கத்து அறையில் இயந்திரத்தை நிறுத்தியது போல அமைதி வந்தது. மைக்கின் கேபிளை நடுவில் யூ.எஸ்.பி. ஹப் போன்ற பெட்டி எதுவும் வைக்காமல் நேராகக் கணினியில் செருகுவதும் உதவும்.

அதன் பிறகும் மிஞ்சுவதற்கு ஓடாசிற்றியின் இரைச்சல் குறைப்பைப் பாவிக்கலாம். பாடல் தொடங்கும் முன் பத்துச் செக்கன் அம்மாவை ஒன்றும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பதியுங்கள். அந்த வெறுமையைக் காட்டித்தான் எது இரைச்சல் என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். குறைக்கும் அளவு 6 முதல் 9 டெசிபெல். நான் முதலில் 24 வைத்தேன். என் அத்தை தொட்டிக்குள் மூழ்கிக்கொண்டு ஒப்பாரி சொல்வது போல இருந்தது. மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தபடியால் தப்பினேன்.

ஒக்ரோபர் 5

சேமிப்பது பற்றி. வேவ் கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் குறைந்த பட்சமாகச் சொல்லும் அளவும் இதுவே. ஒரு தடத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 518 மெகாபைற்றுகள். மைக் 16 பிற் தான் தருகிறது என்றால் 16இலேயே வையுங்கள். எண்ணைக் கூட்டி எழுதுவதால் ஒலி கூடாது. வட்ஸ்அப்பில் அனுப்புவது மாமா கேட்பதற்கு மட்டுமே, அதை மூலமாக வைத்திருக்க வேண்டாம். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் ஒரே பிரதி என்ற பேச்சுக்கே இடமில்லை: உங்களிடம் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று, இரண்டு வீட்டுக்கும் வெளியே ஒன்று.

மாக், லினக்ஸ் பாவிப்பவர்கள் தங்களுக்கான ஒலி வழிப்படுத்தும் மென்பொருளைக் கேட்டிருந்தீர்கள். பிளாக்ஹோல் மாக்குக்கு இலவசம். லினக்ஸில் பைப்வயர் ஏற்கெனவே இருக்கும், திரையில் கோடு இழுத்தே வாய்க்கால் வெட்டலாம். ஆனால் யூலை 9ஐ முதலில் படியுங்கள்.

யனவரி 19

நீங்கள் அனுப்பிய பதிவை நேற்று இரவு ஹெட்போனில் கேட்டேன். கிணறு இல்லை. இரண்டாவது தாலாட்டில் அம்மா ஓர் அடியை மறந்து நிற்க, மாமா எடுத்துக் கொடுக்க, அதற்கு முன்பே அம்மாவின் மூச்சு உள்ளே இழுபடுவது கேட்கிறது. நான்கடியில் அது ஒருபோதும் கேட்டிருக்காது.

மூன்றாவது பாட்டின் அடியில் ஓடும் 'ஙொய்' சார்ஜர் என்று பயந்திருக்கிறீர்கள். சார்ஜர் ஒரே சுருதியில் நிற்கும். இது காற்றோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. உங்கள் கூரைக்கு மேலே யாரோ இரவு முழுவதும் கட்டி விட்ட பட்டத்தின் விண் அது, பட்டத்தில் கட்டிக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் நாடா. எடுத்துவிடலாமா என்று நானும் ஒரு பிரதியில் முயன்றேன். விண்ணும் அம்மாவின் மந்தரமும், அதாவது கீழ்ச்சுரங்களும், ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒன்றை அறுத்தால் மற்றதும் போகிறது. அந்தப் பாட்டை மட்டும் திரும்பப் பதியுங்கள், அல்லது பட்டத்தோடு விடுங்கள். நானாக இருந்தால் விட்டுவிடுவேன், பட்டம் ஏறும் காலம் என்பது தெரிய, கோப்பின் பெயரில் தை மாதம் என்று மறக்காமல் எழுதுவேன்.

யனவரி 20

பட்டத்தோடேயே இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாராம். சரி. நான்காவது பாட்டில் கதிரை கிறீச்சிடுகிறது, அதைப் பாருங்கள்.